செஞ்சோற்றுக் கடன்



2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் நாள், மாலை மங்கி விளக்கேற்றும் நேரம். பெங்களூரில் லிங்கராஜபுரத்து மேம்பாலத்திற்குச் சற்றுத் தள்ளி உள்ள எங்கள் தெருவில், அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் என் வாயிற்படியில் வந்து நின்றான். அவனுக்கு வயது பதினேழு. முகம் சிவந்திருந்தது. ஹாங்காங்கில் நடந்த கால்பந்தாட்டத்தில் இந்திய அணி அப்போதுதான் தோற்றிருந்தது. தோல்வி அவனுக்குப் புதிதன்று. அவனைச் சுட்டது வேறொன்று.

“நம்ம கோச்சே நம்மளத் தோக்கடிச்சுட்டாரு, மாமா. இது துரோகம் இல்லையா?” என்று கேட்டான்.

அன்று அவனுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்ற வழியைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவன் “நம்ம கோச்” என்று குறிப்பிட்டவர் ஆஷ்லி வெஸ்ட்வுட் என்னும் ஆங்கிலேயர். பெங்களூர்க் கால்பந்துக் கழகத்தின் முதல் பயிற்சியாளர். அதற்கு முன் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் தடுப்பாட்டக்காரராக விளையாடியவர்.

வெஸ்ட்வுட் 1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பிரிட்ஜ்நார்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே புகழ்பெற்ற மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் பயிற்சிப் பட்டறையில் இடம் கிடைத்தது. 1995இல் இளைஞருக்கான எஃப்.ஏ. கோப்பையை வென்ற அக்கழகத்தின் இளையோர் அணியில் அவரும் ஒருவர். ஆயினும் மூத்தோர் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடும் பேறுகூட அவருக்கு வாய்க்கவில்லை. அரண்மனை வாயில் வரை சென்று உள்ளே நுழையாமல் திரும்பியவனின் நிலை அது. பத்தொன்பதாம் வயதில் குரூ அலெக்சாண்டிரா என்னும் சிறிய கழகத்திற்குப் பெயர்ந்தார். 1997இல் அக்கழகம் ஒரு படி மேலேறி இரண்டாம் நிலைப் பிரிவை அடைந்தது. அடுத்த ஆண்டு பிராட்ஃபோர்டு சிட்டிக்குச் சென்றார். அக்கழகம் 1999இல் பிரீமியர் லீக் என்னும் உச்சப் பிரிவுக்கு உயர்ந்தது. அந்த உச்சியில் அவர் ஆடியவை மிகச் சில ஆட்டங்களே. பின்னர் ஷெஃபீல்டு வெட்னஸ்டே, நார்தாம்ப்டன், செஸ்டர், ரெக்ஸம் எனக் கழகம் கழகமாக நகர்ந்தது அவர் வாழ்க்கை. ஏறிய படிகளும் உண்டு. இறங்கிய படிகளே மிகுதி.

நேயர்களே, தடுப்பாட்டக்காரனின் தொழிலைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல் சொல்ல வேண்டும். கோல் போட்டவன் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். கோல் விழாமல் தடுத்தவன் பெயர் எங்கும் வராது. தொண்ணூறு நிமிடங்கள் பிழையின்றி நின்றால் எவரும் அவனைக் கவனிப்பதில்லை. ஒரு கணம் தவறினால் அரங்கமே அவனைச் சுட்டிக்காட்டும். நடுவணரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்கு இது நன்கு பழகிய நிலை. மொழிபெயர்ப்புச் செம்மையாக அமைந்தால் அப்படி ஒருவன் இருப்பதே படிப்பவருக்குத் தோன்றாது. ஒரு சொல் பிறழ்ந்தால்தான் “யார் இதை எழுதியது?” என்று கேட்பார்கள்.

ஆனால் அந்தத் தொழிலுக்கு ஒரு நன்மையும் உண்டு. முன்களத்தில் ஆடுபவன் பந்தையும் எதிரியின் கோல் வாயிலையும் காண்கிறான். தன் அணியினர் பெரும்பாலும் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள். பின்களத்தில் நிற்பவனுக்கோ ஆடுகளம் முழுவதும் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. எவன் களைத்தான், எவன் தன் இடத்தை விட்டு நகர்ந்தான், எந்தப் பக்கம் வேலி திறந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கூவிக் கூவி ஒழுங்குபடுத்துவதும் அவன் பொறுப்பே. ஆடும் நாளிலேயே அவன் பாதிப் பயிற்சியாளன் ஆகிவிடுகிறான்.

ஆட்ட நாட்கள் முடிந்தபின் வெஸ்ட்வுட் பயிற்சித் துறையில் இறங்கினார். மைக்கேல் ஆப்பிள்டன் என்பவருக்குத் துணையாகப் போர்ட்ஸ்மத், பிளாக்பூல், பிளாக்பர்ன் ஆகிய கழகங்களில் பணியாற்றினார். பிளாக்பர்னில் ஆப்பிள்டனின் பதவி 2013இன் தொடக்கத்தில் இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல்தான் நிலைத்தது. மேலவர் பதவி போனால் துணைவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது.

பெங்களூருக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. ஆங்கிலப் படையினரின் அணிகளே ஆண்டுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1937இலும் 1938இலும் வென்று காட்டியது பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து இந்தியா ஆடியபோது, நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன். அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர் என்பது உலகறிந்த செய்தி. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அருமைநாயகம் பெங்களூரில் பிறந்து, கல்கத்தா சென்று, மோகன் பகான் கழகத்திற்காக விளையாடியவர். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் இன்றும் பீலேக்குச் சிலை இருக்கிறது. தமிழ் பேசும் உழைப்பாளர்கள் நிறைந்த அந்தப் பகுதியில் பந்து உருளாத மாலை இல்லை. ஆயினும் நாடளாவிய முதல்நிலைப் போட்டியில் முடி சூடிய கழகம் என்று சொல்லிக்கொள்ள இந்நகருக்கு ஒன்றும் இல்லாதிருந்தது.

2013ஆம் ஆண்டு ஜூலையில் பெங்களூர்க் கால்பந்துக் கழகம் தொடங்கப்பெற்றது. முப்பத்தாறு வயது வெஸ்ட்வுட் பொறுப்பேற்றார். சுனில் சேத்ரி அணித்தலைவர். தடுப்பு வரிசையில் இங்கிலாந்தின் ஜான் ஜான்சனும் கென்யாவின் கர்ட்டிஸ் ஒசானோவும் நின்றனர். ஏனைய கழகங்களில் இடம்பெறாது ஓரமாக நின்ற இளைஞர்கள் பலரும் வந்து சேர்ந்தனர். கட்டி முடிக்காத வீட்டுக்குக் குடிபோனது போன்ற தொடக்கம் அது. செப்டம்பர் 22ஆம் நாள், அசோக் நகரிலுள்ள பழைய கால்பந்து அரங்கில், நூறாண்டு கடந்த மோகன் பகானோடு முதல் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடிந்தது.

அந்த ஆண்டு நான் கண்ட ஆட்டங்களில் என் மனத்தில் நின்றது கோல்களைவிட ஒழுங்குதான். பந்து எதிரியிடம் சென்ற மறுகணமே பதினொருவரும் தத்தம் இடத்திற்குத் திரும்பிவிடுவார்கள். முன்களத்தில் நிற்பவனும் பின்னோக்கி ஓடி வருவான். மற்ற அணிகள் கால் தளரும் எண்பதாம் நிமிடத்தில் இவர்கள் புதிதாய் ஓடத் தொடங்குவார்கள். உணவு, உறக்கம், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் பயிற்சியாளர் கண்டிப்போடு நெறிப்படுத்தியதன் பயன் அது. வேலி கட்டிவிட்டுத்தான் விதைக்க வேண்டும் என்பது உழவர் கொள்கை. பழைய தடுப்பாட்டக்காரரின் கொள்கையும் அதுவே ஆயிற்று.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவில் டெம்போ கழகத்தை 4–2 என்று வென்று, பிறந்த முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டத்தைப் பெங்களூர் அணி கைப்பற்றியது. நான் சொன்ன பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. தந்தையின் தோளில் அமர்ந்து நீலக்கொடி அசைத்தவன். அவன் தந்தை தமிழ்ப்பாடல் ஒன்றின் மெட்டில் அணியை வாழ்த்தி முழங்குவார்; அருகில் நின்றவர் கன்னடத்தில் தொடர்வார்; அடுத்தவர் மலையாளத்தில். மொழியின் பெயரால் மனம் கசந்த நாட்களையும் இந்நகரம் கண்டதுண்டு. அந்த மாடத்தில் மட்டும் யாரும் யாரையும் “எந்த ஊர்?” என்று கேட்டதை நான் கண்டதில்லை.

வெற்றியைவிட ஆழமாகப் பதிந்தது ஒரு தோல்வி எனலாம். 2015ஆம் ஆண்டு சனவரியில் கூட்டமைப்புக் கோப்பையை வென்ற அணி, மே 31ஆம் நாள் ஸ்ரீ கண்டீரவா அரங்கில் லீக் பட்டத்திற்காக மோகன் பகானை எதிர்கொண்டது. பெங்களூர் வென்றால் பட்டம் பெங்களூருக்கு. சமநிலை ஆனாலே பட்டம் கல்கத்தாவுக்கு. முற்பகுதியில் ஜான்சன் கோல் போட்டார். அந்த ஒற்றைக் கோலை அணி கண்ணிமை போலக் காத்தது. எண்பத்தேழாம் நிமிடத்தில் ஒரு மூலை உதை. சோனி நோர்டே உதைத்த பந்தைப் பெல்லோ ரசாக் என்னும் நைஜீரியத் தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். மூன்றே நிமிடங்கள் எஞ்சியிருந்தன. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த கல்கத்தாக் கழகம் பட்டத்தோடு சென்றது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் கட்டிய அணி, மற்றொரு தடுப்பாட்டக்காரரால் பட்டம் இழந்தது.

அடுத்த பருவத்தில் அவர்கள் மீண்டும் எழுந்தார்கள். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், அதே அரங்கில் சால்காவ்கர் கழகத்தை 2–0 என்று வென்று இரண்டாம் முறை பட்டம் சூடினார்கள். அத்தோடு வெஸ்ட்வுட் விடைபெற்றார். மூன்று பருவங்களில் இரண்டு லீக் பட்டங்கள், ஒரு கூட்டமைப்புக் கோப்பை. அவர் விட்டுச் சென்ற அணியை அவருக்குப் பின் வந்த ஸ்பெயின் நாட்டு ஆல்பெர்ட் ரோகா அதே ஆண்டு நவம்பரில் ஆசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றார். இந்தியக் கழகம் எதுவும் அதற்கு முன் அந்தப் படியை எட்டியதில்லை.

பயிற்சியாளரின் வாழ்வு நாடோடி வாழ்வு. மலேசியாவில் பினாங்கு, கொல்கத்தாவில் ஏ.டி.கே., பிறகு பஞ்சாப் எனச் சென்ற வெஸ்ட்வுட், 2023 நவம்பரில் ஆப்கானிஸ்தான் நாட்டு அணியின் பொறுப்பை ஏற்றார். அந்த அணிக்குச் சொந்த மண்ணில் ஆட வழியில்லை. அதன் ‘உள்ளூர்’ ஆட்டங்களே சவூதி அரேபியாவில் நடந்தன. தேர்ந்த ஆட்டக்காரர் பலர், தங்கள் நாட்டுக் கூட்டமைப்போடு கொண்ட பிணக்கால் அணிக்கு வர மறுத்திருந்தார்கள். அவர் பொறுப்பில் நடந்த முதல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் கத்தாரிடம் 8–1 என்று தோல்வி. வேறொருவராயின் அன்றே விமானம் ஏறியிருப்பார்.

அவரோ வேலி கட்டத் தொடங்கினார். 2024 மார்ச் 21ஆம் நாள், சவூதியின் அபா நகரில் இந்தியாவோடு கோலின்றிச் சமநிலை. ஐந்து நாட்கள் கழித்துக் குவாஹாத்தியில் மறு ஆட்டம். உலகத் தரவரிசையில் இந்தியா 117ஆம் இடம், ஆப்கானிஸ்தான் 158. சுனில் சேத்ரிக்கு அது நூற்றைம்பதாவது பன்னாட்டு ஆட்டம். முற்பகுதியில் பெனால்டி உதை மூலம் அவரே கோலும் போட்டார். விழா நாள் விழாவாகவே முடியும் என்றுதான் எல்லாரும் எண்ணினர். எழுபதாம் நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி சமன் செய்தார். எண்பத்தெட்டாம் நிமிடத்தில் ஷரீஃப் முகமது பெனால்டி உதையால் வென்று கொடுத்தார். அன்று களத்தில் இருந்த தலைமகன், எதிரணிப் பயிற்சியாளரிடம் மூன்று பருவங்கள் அணித்தலைவராக இருந்தவர். தன்னை வளர்த்த துரோணரை எதிர்வரிசையில் கண்ட அருச்சுனனின் நிலை அது என்று சொல்லத் தோன்றுகிறது.

2024 ஆகஸ்டில் வெஸ்ட்வுட் ஹாங்காங் அணியின் பயிற்சியாளரானார். 2025 ஜூன் 10ஆம் நாள், ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட கை டாக் அரங்கில் மீண்டும் இந்தியாவை எதிர்கொண்டார். கைக்கு வந்த வாய்ப்புகளை இந்திய அணி நழுவ விட்டது. ஓய்வு அறிவித்துப் பின் திரும்பி வந்திருந்த சேத்ரி மாற்று ஆட்டக்காரராக இறங்கியும் பயனில்லை. முறையான நேரம் முடிந்து, கூட்டிக் கொடுத்த நேரத்தில் ஹாங்காங்குக்குப் பெனால்டி கிடைத்தது. ஸ்டெஃபன் பெரேரா அதைக் கோலாக்கினார். 1–0. அந்த மாலையில்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை என் வாயிலுக்கு வந்தான்.

இது துரோகமா? நம் தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். உண்ட சோற்றுக்கு உழைப்பால் நன்றி செலுத்துவது. கும்பகருணனும் கர்ணனும் அக்கடனுக்காக உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் துயரம் ஆழமானது. ஏனெனில் தாங்கள் நின்ற பக்கத்தில் அறம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். விளையாட்டில் அந்தத் துயரம் இல்லை. இரண்டு பக்கமும் அறத்தின் பக்கமே. ஆட்டத்தின் விதிக்கு உட்பட்டு, தன்னை நம்பிப் பணி கொடுத்தவருக்காக முழு வலிமையோடு உழைப்பவன் எவருக்கும் பகைவன் ஆகான். குவாஹாத்தியில் வெஸ்ட்வுட் ஒரு விழுக்காடு குறைவாக உழைத்திருந்தால், அதுவன்றோ துரோகம்? அப்படிக் குறைத்து உழைக்கக் கூடியவர் பெங்களூரிலும் குறைத்தே உழைத்திருப்பார்.

அயல்நாட்டில் உழைத்த தடுப்பாட்டக்காரர் இன்னொருவரை இங்கே நினைக்கிறேன். அயர்லாந்தின் டப்ளின் நகரத்தைச் சேர்ந்த பேட்ரிக் ஓ’கானல், மான்செஸ்டர் யுனைடெட்டின் தலைவராகவும் அயர்லாந்து அணியின் தலைவராகவும் இருந்தவர். பின்னர் ஸ்பெயினுக்குச் சென்று பயிற்சியாளரானார். 1935இல் ரியல் பெட்டிஸ் கழகத்திற்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தார். இன்றுவரை அக்கழகத்தின் ஒரே லீக் பட்டம் அது. பிறகு பார்சலோனா. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டு, கழகம் பணமின்றித் தவித்தபோது, 1937இல் ஆட்டக்காரர்களோடு மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, ஆடிச் சேர்த்த பொருளால் அதைக் காத்தார். போர் நடந்த நாட்டுக்கு ஆட்டக்காரர் பலர் திரும்பவில்லை. அயல்நாட்டாரான அவர் திரும்பினார். ஆனால் 1959இல் லண்டனில் வறுமையில் இறந்தார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்லும் நெடுங்காலம் இல்லை. சோற்றுக்கு உழைத்தவன் கடனைத் தீர்த்துவிட்டான். உழைப்பை உண்டவர்கள் தம் கடனைத் தீர்க்க மறந்தார்கள். செஞ்சோற்றுக் கடனைப் பற்றிப் பேசும்போது செய்ந்நன்றியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

மறுநாள் மாலை நான் அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்றேன். இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவன் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. “எல்லாம் சரி மாமா. ஆனா வலிக்குதே” என்றான். வலிக்கத்தான் செய்யும். அதை மறுக்க எனக்கு உரிமையில்லை.

அப்போது உள்ளிருந்து அவன் பாட்டி வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து குடியேறிய அம்மையார். “இவன் கர்நாடகா டீம் செலக்‌ஷனுக்குப் போறானாம் தம்பி. நாளைக்குத் தமிழ்நாட்டோட மேட்ச் வந்தா எந்தப் பக்கம் ஆடுவான்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பையன் சட்டென்று என்னைப் பார்த்தான். முதல் நாள் அவன் என்னிடம் கேட்ட கேள்வி, இப்போது அவனையே கேட்டது.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “கர்நாடகாவுக்குத்தான் பாட்டி. இங்கதானே கத்துக்கிட்டேன்” என்றான். அம்மையார் பேரனின் தலையைத் தடவி, “அப்படியே ஆடு. முழுசா ஆடு. ஆனா ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் பிள்ளைங்ககிட்டப் போய்த் தமிழ்ல பேசு” என்றார். பல நூல்களைப் புரட்டித் தேடிய விடையை அந்த அம்மையார் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

ஐம்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 2023 மார்ச்சில் ரியாத் நகரில் சந்தோஷ் கோப்பையைக் கர்நாடகம் மீண்டும் வென்றபோது, கௌதமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் மகிழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. மும்பையில் இருக்கும் தமிழர் மும்பையின் பணியைச் செய்கிறார். தில்லியில் இருப்பவர் தில்லியின் பணியைச் செய்கிறார். உழைக்கும் ஊருக்கு உழைப்பை ஒளிக்காமல் கொடுப்பதும், பிறந்த மொழியை வீட்டில் அணையாமல் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையாகா. ஒன்று முன்களத்து வேலை. மற்றொன்று பின்களத்துக் காவல். இரண்டும் சேர்ந்ததே அணி.

அடுத்த முறை வெஸ்ட்வுட் எதிர்வரிசையில் நின்றால் எங்கள் தெருப் பிள்ளை இந்தியா வெல்லவே வேண்டுவான், நானும் அவ்வாறே. ஆட்டம் முடிந்தபின், இந்நகருக்கு முதல் மகுடம் சூட்டிய அந்தப் பழைய காவலருக்காக இருவரும் எழுந்து நின்று கைதட்டுவோம்.